பணி ஓய்வும் பொறுப்பு ஒப்படைப்பும்

(ஜும்ஆ உரை)

 



அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில், அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு அல்லாஹ் கட்டளையிடுகின்றான். இவ்வசனத்தைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன, பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பணமும் நகையும்தாம். ஆனால் இவ்வசனம் இறங்கிய சந்தர்ப்பமாக விரிவுரையாளர்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி வேறு. ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அந்தச் சாவியைத் தம் குடும்பத்துக்குத் தருமாறு நபியவர்களின் நெருங்கிய உறவினரே கேட்டனர். நபியவர்களோ, தலைமுறை தலைமுறையாக அப்பணியைச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களை அழைத்து, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, இங்கு அமானிதம் என்பது பொன்னோ பொருளோ அன்று. ஒரு பணி, ஒரு பொறுப்பு.

இக்கண்ணோட்டத்துடன் நம் தொழில் நிறுவனங்களைச் சற்று நோக்குவோம். பெரிய கம்பெனிகளைப் பற்றி நான் பேச வரவில்லை. அவற்றுக்குப் பணியாளர் துறை உண்டு, விதிமுறைகள் உண்டு. பத்துப் பேர், இருபது பேர், மிஞ்சினால் முப்பது பேர் வேலை செய்யும் நம் சிறு நிறுவனங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களில் உள்ள ஒரு சிறிய தோல் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மேஸ்திரி இருப்பார். சுண்ணாம்பில் கிடக்கும் ஆட்டுத்தோலை விரலால் அழுத்திப் பார்த்தே, இன்று எடுக்கலாமா, நாளை வரை கிடக்கட்டுமா என்று சொல்லிவிடுவார். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும், மார்கழியில் தாமதிக்கும். அந்த வேறுபாடு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்காது. அவருடைய விரல் நுனியில் இருக்கும். ஆவாரம் பட்டைக் காலத்தையும் பார்த்து, குரோம் டிரம் காலத்தையும் பார்த்தவராக இருப்பார். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கட்டாயமாகி, எத்தனையோ ஷாப்கள் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, முதலாளியுடன் கூடவே நின்றவராக இருப்பார். இன்னொரு பக்கம் கணக்கர் ஒருவர் இருப்பார். எந்த வியாபாரி சொன்ன நாளில் பணம் அனுப்புவார், எவருக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எந்தத் தாளை எந்த மாதம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இவ்விருவருக்கும் வயது அறுபதைக் கடந்துவிட்டது. கண் மங்குகிறது; முழங்கால் வலிக்கிறது. பலவீனத்திலிருந்து மனிதனைப் படைத்து, பலவீனத்துக்குப் பின் பலத்தைத் தந்து, அந்தப் பலத்துக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று அல்லாஹ் கூறுகின்றான் (30:54). இது முதலாளிக்கும் தெரியும், தொழிலாளிக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் வாய் திறப்பதில்லை. முதலாளி பேசினால், வெளியே போகச் சொல்கிறார் என்று அவர் மனம் நோகும். தொழிலாளி பேசினால், கணக்குத் தீர்த்துக் கேட்கிறார் என்று இவர் நினைப்பார். இப்படியே ஆண்டுகள் ஓடும். ஒரு நாள் அவர் கீழே விழுவார், மருத்துவமனையில் சேர்ப்பார்கள். அப்போதுதான் ஷாப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது தெரியவரும்.

இந்த மௌனத்தை நம்மில் பலர் மரியாதை என்று எண்ணுகிறார்கள். இது மரியாதையன்று, சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களின் வழிமுறை இதற்கு நேர் மாறானது.

மூத்தா தந்த பாடம்

ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், மூத்தாவுக்கு மூவாயிரம் பேர் கொண்ட படையை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. ஸைத் வீழ்ந்தால் ஜஅஃபர் (ரலி), ஜஅஃபரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) என்று அடுத்தடுத்த பெயர்களையும் அறிவித்தார்கள் (புகாரீ). எங்கே அறிவித்தார்கள்? அனைவரும் கேட்கும்படி, படை புறப்படும் முன்பே அறிவித்தார்கள். ஸைத் (ரலி) அவர்கள் நபியவர்களின் நேசத்துக்கு மிகவும் உரியவர். தம் மரணத்தைப் பற்றி இப்படி எல்லோர் முன்னிலையிலும் பேசலாமா என்று அவர் வருந்தவில்லை. தமக்குப் பின் வருபவரின் பெயர் சொல்லப்படுவதைத் தமக்கு நேர்ந்த அவமானமாகவும் கருதவில்லை.

போர்க்களத்தில் மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். நான்காவது பெயர் சொல்லப்படவில்லை. அப்போது பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்த தோழரான ஸாபித் பின் அக்ரம் (ரலி) அவர்கள் ஓடிச்சென்று கொடியை எடுத்தார்கள். மக்கள் அவரையே தலைவராக இருக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆகியிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடம் கொடி சென்றது. வயதிலும் பத்ரின் சிறப்பிலும் நீங்களே மூத்தவர் என்று காலித் தயங்கியதாகவும், உங்களுக்குக் கொடுப்பதற்காகவே இதை எடுத்தேன் என்ற கருத்தில் ஸாபித் பதிலளித்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். படை பாதுகாப்பாக மதீனா திரும்பியது.

இந்த ஸாபித் (ரலி) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. காலிதின் வாளைப் பேசுகிறோம். கொடி மண்ணில் விழாமல் பிடித்து, தம்மைவிடத் திறமையானவர் கையில் சேர்க்கும்வரை மட்டும் வைத்திருந்த அந்த முதியவரின் பெருந்தன்மை நம் கடைகளிலும் ஷாப்களிலும் பணியாற்றும் மூத்தவர்களுக்கு மிகவும் தேவையானது. கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நமக்கு மதிப்பிருக்காது என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பள்ளிவாசலுக்கு இரண்டு முஅத்தின்கள்

மதீனாவில் பாங்கு என்றாலே பிலால் (ரலி) அவர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்களும் அங்கு முஅத்தினாக இருந்தார்கள். பிலால் இரவிலேயே ஒரு பாங்கு சொல்வார். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை ஸஹர் உண்ணலாம் என்று நபியவர்கள் தெளிவுபடுத்திய செய்தி புகாரீயில் உள்ளது. பிலாலைப் போன்ற ஒருவர் இருக்கும்போதே இரண்டாமவர் இருந்தார். இரண்டாமவரோ பார்வையற்றவர். பிற்காலத்தில் பிலால் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்றபோது மஸ்ஜிதுந் நபவீயில் பாங்கு நின்றுவிடவில்லை.

மக்காவின் முஅத்தினைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. அபூமஹ்தூரா என்னும் இளைஞர் தம் நண்பர்களுடன் சேர்ந்து பாங்கைக் கேலியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நபியவர்கள் அழைத்தார்கள்; கண்டிக்கவில்லை. அவருடைய குரல்வளத்தைக் கண்டு, பாங்கின் வாசகங்களை ஒவ்வொன்றாகத் தாமே சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளி இருந்த ஒரு சிறு பையையும் கொடுத்தார்கள். அவர் மக்காவின் முஅத்தினானார். வேலை பழக வந்த பையன் அலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், எதையும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று மூத்தவர்கள் குறைகூறும்போதெல்லாம் எனக்கு அபூமஹ்தூரா (ரலி) அவர்களின் நினைவு வருவதுண்டு. சொல்லிக்கொடுக்க ஒருவர் அமர்ந்தாரா என்பதையும் நாம் கேட்க வேண்டும். அந்த வெள்ளிப் பையையும் மறந்துவிடக் கூடாது. பழகுபவனுக்குச் சம்பளம் தராமல் தொழில் கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் முதலாளிகள் அதைச் சிந்திக்கட்டும்.

நாற்பது நாள் சோதனை

மூஸா (அலை) அவர்கள் தூர் மலைக்குச் சென்றபோது, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தம் சமுதாயத்துக்குப் பிரதிநிதியாக்கிச் சென்றார்கள். சீர்திருத்தமாக நடக்கும்படியும், குழப்பம் செய்வோரின் வழியில் போகாதிருக்கும்படியும் அறிவுறுத்திச் சென்றார்கள் (7:142). நாற்பது இரவுகள் கழிந்தன. ஹாரூன் (அலை) அவர்களும் நபிதாம். இருந்தும் ஸாமிரி காளைக்கன்றை உருவாக்கிவிட்டான். மூஸா (அலை) அவர்கள் இருந்தவரை வெளிப்படாத நோய், அவர்கள் இல்லாத நாற்பது நாளில் வெளிப்பட்டது. திரும்பி வந்து அதைச் சரிசெய்ய அவர்கள் உயிருடன் இருந்தார்கள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டிலிருந்து ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் ஹாஜிகளின் பயணமும் ஏறக்குறைய நாற்பது நாள்தான். அறுபது வயதைத் தாண்டியும், வசதி இருந்தும், ஷாப்பை விட்டுவிட்டுப் போக முடியாது என்று ஹஜ்ஜைத் தள்ளிப்போடும் முதலாளிகள் இருக்கிறார்கள். கடமையாகிவிட்ட ஹஜ்ஜுக்கு இது ஓர் இடையூறாகுமா? ஒருவர் நாற்பது நாள் இல்லாவிட்டால் தொழில் நின்றுவிடும் என்றால், அவர் ஒரேயடியாகப் போகும் நாளில் என்ன ஆகும்? முதலாளி ஹஜ்ஜுக்குப் போகட்டும். மேஸ்திரிக்கும் முழுச் சம்பளத்துடன் ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள். மகள் வீட்டுக்குப் போய் வரட்டும். அந்த நாட்களில் எங்கே தடுமாற்றம் வருகிறது என்பதை இளையவர்கள் ஒரு நோட்டில் எழுதட்டும். அவர் திரும்பி வந்தபின் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மௌத்தானவரிடம் எதையும் கேட்க முடியாது.

யாருக்குக் கொடுப்பது?

வேலைக்கு அமர்த்தப்படுவோரில் சிறந்தவர் வலிமையும் நம்பகத்தன்மையும் உடையவரே என்ற அளவுகோலை, மத்யன் நகரப் பெரியவரின் மகளது வாய்மொழியாகக் குர்ஆன் எடுத்துரைக்கிறது (28:26). இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் மூன்றாவதாக ஓர் அளவுகோல் நுழைந்துவிடுகிறது: என் மகன். மகன் தகுதியுடையவனாக இருந்தால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் அபூதர் (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, அவர் அதற்குப் பலவீனமானவர் என்றும், அது ஓர் அமானிதம் என்றும் நபியவர்கள் சொல்லிவிட்டார்கள் (முஸ்லிம்). அபூதரின் வாய்மையையும் பேணுதலையும் நபியவர்கள் அறியாதவர்களா? அறிவார்கள். நேசம் வேறு, நியமனம் வேறு. உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தபோது, தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் மட்டும் உடனிருக்கலாம், ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள் (புகாரீ).

இளையவரை நியமித்துவிட்டால், பிறகு அவரை மதிக்கவும் வேண்டும். உஸாமா (ரலி) அவர்களுக்குப் பதினெட்டு வயதளவில் படைத்தலைமை கொடுக்கப்பட்டது. சிலர் முணுமுணுத்தனர், நபியவர்கள் அவருக்காகப் பேசினார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை அனுப்பியபோது, உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்க, கலீஃபா நடந்தே வந்து வழியனுப்பினார்கள். அப்படையில் இருந்த உமர் (ரலி) அவர்கள் தமக்கு மதீனாவில் தேவைப்படுவதால், அவரை விட்டுச்செல்லுமாறு உஸாமாவிடம் அனுமதி கேட்டார்கள். கலீஃபா உத்தரவிட்டிருக்கலாமே! அனுமதிதான் கேட்டார்கள். புதிய மேலாளரை அமர்த்திவிட்டு, அவரைத் தாண்டிப் பழைய ஆளிடமே ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிகள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறார்கள்.

வெறுங்கையுடன் அனுப்பாதீர்கள்

மூத்தவர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்று சொன்னேன். முப்பது ஆண்டு உழைத்தவரை ஒரு சால்வை, ஒரு பெட்டி இனிப்பு, ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தமக்கும் அதுதான் என்று தெரிந்தபின் தொழில் இரகசியத்தை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? அந்த இரகசியம் ஒன்றுதான் அவருடைய சேமிப்பு.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு என்பது 1972ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். மாதம் 26 நாள் என்று வகுக்க வேண்டும். கடைசியாக 13,000 ரூபாய் ஊதியம் வாங்கியவருக்கு ஒரு நாள் ஊதியம் 500 ரூபாய். ஆண்டுக்கு 7,500 ரூபாய். முப்பது ஆண்டுக்கு 2,25,000 ரூபாய். இது அன்பளிப்பன்று, கடன். அவரை வேலைக்கு அமர்த்தியபோதே இந்த நிபந்தனை அந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத், திர்மிதீ). கூலியாளிடம் முழுமையாக வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீயும் புகாரீயில் உள்ளது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ரமளானில் அந்த முதியவரின் கையில் ஸகாத் பணத்தைக் கொடுத்துவிட்டு, பணிக்கொடைக்கு ஈடாகிவிட்டது என்று மனத்துக்குள் கணக்கு முடித்துக்கொள்வோர் உண்டு. கொடுக்க வேண்டிய கடனுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது ஸகாத் ஆகாது. அப்படிச் செய்தவர் தம் ஸகாத்தையும் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குகையில் அடைபட்ட மூவரின் நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. அவர்களில் மூன்றாமவர் ஒரு முதலாளி. கூலி வாங்காமல் போய்விட்ட ஒரு தொழிலாளியின் கூலியை அவர் தொழிலில் போட்டுப் பெருக்கினார். நெடுநாள் கழித்து அத்தொழிலாளி வந்து கேட்டபோது, பெருகியிருந்த ஒட்டகங்கள், மாடுகள், ஆடுகள் அனைத்தையும் காட்டி இவை உன் கூலியிலிருந்து வந்தவை என்றார். என்னைக் கேலி செய்யாதீர் என்றார் அவர். கேலியில்லை என்று சொல்லி அனைத்தையும் கொடுத்தனுப்பினார். அந்த நற்செயலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோது பாறை முழுதும் விலகியது (புகாரீ). தொழிலாளியின் வைப்பு நிதிப் பணத்தைப் பிடித்தம் செய்துவிட்டு, உரிய நாளில் கட்டாமல் தம் சரக்குக்குச் சுழற்றிக்கொள்ளும் ஒருவர் எந்த முகத்துடன் இந்த நிகழ்ச்சியைக் கேட்பார்?

யூத முதியவர் ஒருவர் பிச்சை எடுப்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கருதி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவி வழங்கச் செய்த செய்தியை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். முப்பது ஆண்டுகள் நம் பள்ளியில் பாங்கு சொன்ன முஅத்தினுக்கும், மூன்று தலைமுறைக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்கும் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்பதை ஜமாஅத் நிர்வாகிகளும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்க வேண்டும். வக்ஃபு வாரியம் வழியாக வரும் உலமா ஓய்வூதியம் அரசின் உதவி. அதனால் முஹல்லாவின் கடமை தீர்ந்துவிடாது.

எழுதி வையுங்கள்

இதுவரை தொழிலாளியைப் பற்றிச் சொன்னேன். முதலாளியும் ஒரு நாள் போகத்தானே வேண்டும்! மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு இருபது ஆண்டுகள் அத்தாவின் ஷாப்பில் உழைத்திருப்பான். இளையவர்கள் சென்னையிலும் துபாயிலும் சம்பாதித்திருப்பார்கள். சகோதரிகள் திருமணமாகிச் சென்றிருப்பார்கள். மூத்தவன் கூட்டாளியா, சம்பளக்காரனா என்று ஒரு தாளிலும் எழுதப்பட்டிருக்காது. இப்படித் தந்தையின் குடும்பத்தில் ஒருவராக இருந்துகொண்டு, தன் முதலீடு ஏதுமின்றி, ஒப்பந்தமும் இன்றி உழைத்த மகனைத் தந்தையின் உதவியாளர் என்றே ஹனஃபீ சட்ட நூல்கள் கருதுகின்றன. ஈட்டியவை தந்தையின் சொத்தாகும். அவர் மறைந்தபின் எல்லா வாரிசுகளுக்கும் மார்க்கம் விதித்த பங்கு போகும். மூத்தவன் கோர்ட்டுக்குப் போவான், அல்லது சகோதரிகளின் பங்கை மறைப்பான். இரண்டும் குடும்பத்தை அழிக்கும். தந்தை உயிருடனும் நல்ல சுகத்துடனும் இருக்கும்போதே, இவன் இத்தனை விழுக்காடு கூட்டாளி என்றோ, இவனுக்கு இவ்வளவு மாதச் சம்பளம் என்றோ சாட்சிகளுடன் எழுதிவிட்டால் இந்தத் துன்பமே இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது.

வாரிசுகளுக்கு வஸிய்யத் இல்லை. ஆனால் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். அம்மூன்றில் ஒன்றும் அதிகம்தான் என்று ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறினார்கள் (புகாரீ). முப்பது ஆண்டு உடன் உழைத்த அந்த மேஸ்திரிக்கோ கணக்கருக்கோ, சேரவேண்டிய கடனைத் தீர்த்ததற்கு அப்பால் ஏதேனும் செய்ய விரும்பினால், அதற்கு மார்க்கம் திறந்துவைத்துள்ள வாசல் இது. நம்மவர்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்? வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபியவர்கள் அறிவுறுத்தியதை அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி) அவர்கள் (புகாரீ, முஸ்லிம்).

கடனுடன் இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபியவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. மூன்று தீனார் கடன். அபூகதாதா (ரலி) அவர்கள் அதைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழவைத்தார்கள் (புகாரீ). பணிக்கொடையும் நிலுவைச் சம்பளமும் அந்த மூன்று தீனாரைப் போன்றவைதாம். சொத்தைப் பங்கிடும் முன், அத்தாவின் ஷாப்பில் வேலை செய்தவர்களை அழைத்து, யாருக்கு என்ன பாக்கி என்று கேட்பது பிள்ளைகளின் பொறுப்பு. கணக்கர் இருக்கும்போதே கேட்டால் அது எளிது.

நம் கடைகளிலும் ஷாப்களிலும் உழைத்து மறைந்த அனைவரின் கப்ருகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.